நல்ல மனிதர்கள் இருந்தார்கள், வழிகாட்டல் இருக்கவில்லை

2019 ஜூலை மாதத்தின் முதல் வாரம் அது. ஏப்ரல் 21 தாக்குதல்கள் நடந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கல்முனையில் இருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் என் முதல் தொழிலைப் பொறுப்பேற்கப் போனேன். முதுகில் பையோடு ஒரு முஸ்லிம் இளைஞன் அந்த நாட்களில் கொழும்பில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைவது எப்படி இருந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாசலில் பையைத் திறந்து காட்டினேன். பாதுகாப்பு ஊழியர் என் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதினார். மேலே போகும்போது, உள்ளே இருப்பவர்கள் என்னை எப்படி நடத்துவார்களோ என்ற யோசனைதான் மனதில் இருந்தது. தொழிலைப் பற்றிய யோசனையே வரவில்லை.

எங்கள் குழுவில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே என் பயம் போய்விட்டது. குழுவில் மூத்தவரான ஒரு சிங்களச் சகோதரி, சாப்பாடு கொண்டுவந்தேனா என்று கேட்டு, பக்கத்தில் எந்தக் கடையில் ஹலால் சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொன்னார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு மல்லி. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இருந்த வாராந்தக் கூட்டத்தை, நான் கேட்காமலே, ஜும்ஆவுக்காக மூன்று மணிக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விடயம் என்பது எனக்குத் தெரியும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் ஒரு குறையைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தக் குறை இந்த மனிதர்கள் மீதானதல்ல. ஆனால் இவர்களது நல்ல குணமே அந்தக் குறையை நீண்ட காலம் மூடி வைத்திருந்தது.

முதல் ஐந்து வாரங்கள்

மென்பொருள் துறையில் 'ஒன்போர்டிங்' என்றொரு சொல் உண்டு. புதிதாகச் சேர்பவரைத் தொழிலுக்குள் அழைத்துச் செல்லும் ஒழுங்கு முழுவதையும் அது குறிக்கும். எனக்குக் கிடைத்த ஒன்போர்டிங் இதுதான்: மனிதவளப் பிரிவில் சேமலாப நிதிப் படிவங்களில் கையொப்பம், வங்கிக் கணக்கு விபரம், நிறுவனத்தின் பெயர் பொறித்த ஒரு கோப்பை, ஒரு டீ சேர்ட். அதோடு முடிந்தது.

லெப்டொப் மூன்றாம் நாள் வந்தது. செய்நிரல்களைப் பார்ப்பதற்கான அனுமதி 11 ஆம் நாள் கிடைத்தது. அதுவரை மற்றவர்களின் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மென்பொருளில் சிறு மாற்றம் செய்ய வேண்டுமென்றாலும், முதலில் அது முழுவதுமாக நமது கணினியில் இயங்க வேண்டும். அதற்குச் சரியான பதிப்பு ஜாவா வேண்டும், தரவுத்தளம் வேண்டும், இரகசியச் சாவிகள் அடங்கிய அமைப்புக் கோப்பு வேண்டும். இவற்றை எப்படிப் பொருத்துவது என்று சொல்ல 'ரீட்மீ' என்ற ஒரு கோப்பு இருக்கும். எங்களிடமும் இருந்தது. அதைக் கடைசியாக யாரோ நான்கு வருடங்களுக்கு முன் திருத்தியிருந்தார்கள். அதன் மூன்றாவது படியில் சொல்லப்பட்ட சேர்வரே அப்போது இருக்கவில்லை. ஐந்தாவது படியில் "மற்ற விபரங்களுக்கு அவரைக் கேட்கவும்" என்று ஒரு பெயர் இருந்தது. அவர் எப்போதோ நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார்.

அக்கா தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பிழையைத் திருத்தினால் அடுத்தது வந்தது. மூன்று நாட்கள் இப்படிப் போயின. கடைசியில் தனது லெப்டொப்பில் இருந்த அமைப்புக் கோப்பையே எனக்கு அனுப்பி வைத்தார். மென்பொருள் இயங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அது ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்கான ஹோட்டல் முற்பதிவு முறைமை. கூட்டங்களில் 'அலொட்மன்ட்' என்ற சொல் நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஒரு ஹோட்டல் தனது அறைகளில் ஒரு பகுதியைப் பயண முகவருக்கென்று ஒதுக்கி வைப்பதையும், குறித்த நாளுக்குள் விற்காவிட்டால் அவை ஹோட்டலுக்கே திரும்பிவிடும் என்பதையும் நான் விளங்கிக்கொள்ள ஒரு மாதம் சென்றது. யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் தலையாட்டும் கூட்டத்தில் புதியவன் ஒருவன் கையைத் தூக்கி இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பது இலகுவானதல்ல.

என்னிடம் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம், எது வேண்டுமென்றாலும் தயங்காமல் கேள் என்பதுதான். மனதாரச் சொன்னார்கள். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாதவனுக்கு அது பெரிதாக உதவவில்லை. நான் எழுதிய முதல் வரி வாடிக்கையாளரின் முறைமைக்குப் போய்ச் சேர ஐந்து வாரங்கள் எடுத்தன.

அந்த நாட்களில் ஒரு இரவு வாப்பா தொலைபேசியில் கேட்டார், "வேலை எப்படி மகன்?"

"எல்லாரும் நல்ல மனிசர் வாப்பா."

"அது சரி மகன், வேலைய யார் சொல்லித் தந்த?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாப்பா கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்தவர். புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் நாள் விற்க விடமாட்டார். ஒவ்வொரு இறாக்கையாகக் கூட்டிக்கொண்டு போய், எந்தத் துணி எங்கிருந்து வருகிறது, எதை எப்படி மடிப்பது, எதில் விலை குறைக்கலாம், எதில் குறைக்கக்கூடாது என்று தானே சொல்லிக் கொடுப்பார். அது அன்றைய நாளுக்கான அவருடைய வேலை. தற்செயலாக நேரம் கிடைத்தால் செய்யும் உதவி அல்ல.

அழிந்துபோன தரவுகள்

மூன்றாவது மாதம், சோதனைத் தரவுத்தளத்தில் குவிந்திருந்த பழைய பதிவுகளை அழிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அக்கா தந்த அமைப்புக் கோப்பின்படி என் கணினி எந்தத் தரவுத்தளத்தோடு இணைந்திருந்ததோ அதை அழித்தேன். அது சோதனைக்கானதுதான். ஆனால் வாடிக்கையாளருக்குப் புதிய வசதிகளைக் காட்டுவதற்கும் அதே தரவுத்தளத்தைத்தான் பாவிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. குழுவில் மற்ற எட்டுப் பேருக்கும் தெரியும். எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்று பிற்பகல் வாடிக்கையாளரோடு காட்சிக் கூட்டம் இருந்தது.

கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளினார்கள். காப்புப் பிரதியில் இருந்து தரவுகளை மீட்க இரவு பத்து மணி தாண்டியது. என்னைத் தனியாக விட்டுவிட்டு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் முகாமையாளர் கேட்டபோது, "மல்லியின் பிழை இல்லை, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று அக்கா சொன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லும் ஒரு மூத்த ஊழியரை எத்தனை அலுவலகங்களில் காண முடியும்?

ஆனால் ஒன்று நடக்கவில்லை. அந்தத் தரவுத்தளம் பற்றி ஒரு வரியைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதவில்லை. நான்கு மாதங்களின் பின் வந்த இன்னொரு புதியவர் அதே கட்டளையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, தற்செயலாக அவருக்குப் பின்னால் நின்ற நான்தான் தடுத்தேன். என்னை மன்னித்தார்கள், அது பெரிய மனது. பிழைக்கான காரணம் மட்டும் அதே இடத்தில் இருந்தது.

எழுதப்படாத நடைமுறையின் விலை சில வேளைகளில் ஒரு நிறுவனத்தையே சாய்த்துவிடும். 2012 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது அதுதான். எட்டு சேர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய செய்நிரல் ஒன்றில் மட்டும் ஏற்றப்படாமல் விடுபட்டது. சுமார் 45 நிமிடங்களில் 440 மில்லியன் டொலருக்கும் அதிகமான நட்டம். அந்த ஏற்றத்தை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து மூல நடைமுறை அங்கே இருக்கவில்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணைக்குழு பின்னர் சுட்டிக்காட்டியது.

மென்பொருளில் இது ஏன் கடினம்?

புடவைக் கடையில் சரக்கு கண்ணுக்குத் தெரியும். பையன் நின்று பார்த்தே பாதியைப் பழகிவிடுவான். மென்பொருளில் அப்படியல்ல. ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது, எந்த வாடிக்கையாளரின் எந்த முறைப்பாட்டுக்காக அந்த விதிவிலக்கு சேர்க்கப்பட்டது என்பது திரையில் தெரியாது. எழுதியவரின் தலைக்குள்தான் இருக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி பீட்டர் நோர் 1985 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். செய்நிரலாக்கம் என்பது வெறும் எழுத்து வேலை அல்ல, அதைச் செய்பவர்கள் தம் மனதில் ஒரு விளக்கத்தைக் கட்டியெழுப்புகிறார்கள், அந்த விளக்கத்தை ஆவணங்களால் மட்டும் முழுமையாகக் கடத்த முடியாது என்பது அவரது வாதம். புதியவர் அதைப் பெற, ஏற்கெனவே அறிந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பாரிய மென்பொருள் திட்டமொன்றை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1975 இல் வெளியிட்ட நூலில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். தாமதமாகிப் போன மென்பொருள் திட்டத்துக்கு மேலதிக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்றார். காரணம், புதியவர்களைப் பழக்குவதற்குப் பழையவர்களின் நேரம்தான் செலவாகிறது. தொடர்புகளும் பெருகுகின்றன. ஒன்பது பேருக்கிடையில் 36 சோடித் தொடர்புகள். பத்தாவது ஒருவர் வந்தால் அது 45 ஆகிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகும். புதியவரைப் பழக்குவது எப்படியும் பழையவர்களின் நேரத்தைக் கேட்கும். அந்த நேரத்தை நிறுவனம் கணக்கில் எடுத்து ஒதுக்கலாம், அல்லது யாரோ ஒரு நல்ல மனிதரின் இரவுத் தூக்கத்தில் இருந்து எடுக்கலாம். எங்கள் நிறுவனம் இரண்டாவதைச் செய்தது. பகலில் என்னோடு இருந்த அக்கா, தன் வேலையைச் செய்து அனுப்பிய மின்னஞ்சல்களில் இரவு ஒரு மணி, இரண்டு மணி என்று நேரம் பதிவாகியிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

கேட்க முடியாமல் போனவர்

என்னோடு அதே நாளில் இன்னொருவரும் சேர்ந்தார். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர், பக்கத்து ஊர். செய்நிரல் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். இறுதியாண்டுத் திட்டத்தில் நான் மூன்று நாட்கள் போராடிய இடத்தை அவர் ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தந்ததை மறக்க முடியாது. அவரை வேறு குழுவில் போட்டார்கள்.

எனக்குச் சிங்களம் ஓரளவு வரும். சிறு வயதில் வாப்பாவோடு சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போய்ப் பழகியது. அவருக்கு அது இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவார், பேசத் தயங்குவார். அவரது குழுவிலும் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் தயங்காமல் கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அந்தக் காலத்தில், அந்தப் பெயரோடு, அரைகுறைச் சிங்களத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தேநீர் நேரத்தில் எப்படிப் போகிறது என்று கேட்டால், "பார்த்துச் செய்றன்" என்பார்.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தபோது அவரது நியமனம் உறுதிப்படுத்தப்படவில்லை. சுயமுயற்சி போதாது என்று காரணம் சொல்லப்பட்டது.

அதே வாரம் மனிதவளப் பிரிவு எனக்கு ஒரு படிவம் தந்தது. முதல் ஆறு மாதங்களில் உங்களுக்குக் கிடைத்த வழிகாட்டல் எப்படி என்பது அதில் ஒரு கேள்வி. மிகச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

அது உண்மையல்ல என்று எழுதும்போதே தெரியும். அக்காவையும் மற்றவர்களையும் காட்டிக்கொடுப்பது போல் ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்த வருடத்தில் என்னை மனிதனாக மதித்தவர்களுக்கு நான் செய்யும் நன்றி அதுதான் என்றும் நினைத்தேன். உண்மையை எழுதியிருந்தால் நண்பரின் தொழில் மிஞ்சியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்த ஒருவன் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து மேசை இல்லாதபோது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்கியபோது எங்கள் பலவீனம் வெளியே வந்தது. அதன் பின் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்து மேசையே இருக்கவில்லை. எட்டிப் பார்க்கத் திரையும் இல்லை, முகத்தைப் பார்த்துக் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளும் அக்காவும் இல்லை. அடுத்து 2022 பொருளாதார நெருக்கடி. துறையில் இருந்த பலர் வெளிநாடு போனார்கள். அக்காவும் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அவர் போன வாரம்தான், எத்தனை விடயங்கள் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தன என்பது எங்களுக்கு விளங்கியது.

செய்ய வேண்டியவை

இன்று நான் வேறொரு நிறுவனத்தில் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பட்ட அனுபவத்தில் இருந்து நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு சிலவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

புதியவர் வருவதற்கு முந்திய வாரமே லெப்டொப்பும் அனுமதிகளும் தயாராக இருக்கும். முதல் நாள் ஒருவரின் பெயரைச் சொல்லி, முதல் ஒரு மாதத்துக்கு உங்களைப் பழக்குவது இவரது வேலை என்று அறிமுகப்படுத்துவோம். அந்த மாதத்தில் அவருக்கு மற்ற வேலை குறைக்கப்படும். ஒவ்வொரு நாளும் காலையில் அவர்தான் புதியவரிடம் போவார், புதியவர் அவரைத் தேடிப் போகத் தேவையில்லை.

துறைச் சொற்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தத் தரவுத்தளத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மிகச் சிறிய மாற்றம் ஒன்றை முதல் வாரத்திலேயே புதியவர் செய்து முடிக்க வேண்டும். அவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: அமைப்பு வழிகாட்டியைப் பின்பற்றும்போது எங்கே தடுமாறினாரோ அந்த இடத்தைத் திருத்துவது. பழையவர்களின் கண்ணுக்கு அந்தக் குழிகள் தெரியாது. தடுமாறியவருக்குத்தான் தெரியும்.

கடந்த வருடம் சேர்ந்த ஒரு சகோதரி, அதிகம் பேசாதவர், நான்காம் நாள் தனது முதல் மாற்றத்தைச் செய்தார். வழிகாட்டியில் ஏழு இடங்களைத் திருத்தியிருந்தார். அவர் யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இத்துறைக்கு வரும் எமது இளைஞர் யுவதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனம் ஒழுங்காக இல்லாவிட்டாலும் காலத்தை வீணாக்காதீர்கள். முதல் நாளில் இருந்தே ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். ஒரு பிரச்சினையில் அரை மணித்தியாலம் தனியாக முயன்ற பின்னும் நகரவில்லை என்றால், இதுவரை என்ன செய்து பார்த்தேன் என்பதை நாலு வரியில் எழுதிக் கேளுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுத்து கைகொடுக்கும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பேசிப் பழகுங்கள், பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை. படிவத்தில் கேள்வி வந்தால் உண்மையை எழுதுங்கள்.

கடை, பாடசாலை, வைத்திய நிலையம் நடத்தும் எமது சகோதரர்களும் இதை யோசிக்கலாம். "வந்து நின்றா பழகிடுவான்" என்று எத்தனை பேரை விட்டிருக்கிறோம்? பழகாமல் போனவனைச் சோம்பேறி என்று அனுப்பியுமிருக்கிறோம்.

என் நண்பர் இப்போது கட்டாரில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் பெருநாள் விடுமுறையில் ஊரில் சந்தித்தபோது, அந்தப் படிவத்தில் நான் எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அங்கே போன முதல் நாளே எல்லாவற்றையும் எழுத்தில் தந்தார்கள், ஒரு கிழமைக்குள் வேலையைத் தொடங்கினேன் என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "நம்மட ஆக்கள் நல்லம்தான், எழுதித் தந்திருந்தா இன்னும் நல்லம்" என்றார்.